வீடு கட்டும் யந்திரமும் வேலை இழக்கும் மனிதனும்

(ஆரணியில் நெசவாளரும் கட்டடத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இங்கு கூடியிருப்பவர்களில் ஒரு பாதிப்பேர் தறியில் உட்காருகிறவர்கள். மறுபாதிப்பேர் சாரத்தில் ஏறுகிறவர்கள். இன்னும் சரியாகச் சொல்லப்போனால், அப்பன் தறியிலும் மகன் சாரத்திலுமாக இருக்கிற குடும்பங்கள் இங்கு பல இருக்கின்றன. பட்டு நெசவுக் கூலி வயிற்றுக்குப் பற்றாதென்று கொத்து வேலைக்குப் போனவர்களும் இருக்கிறீர்கள். "நம் பிள்ளையாவது குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடக்காமல் நாற்காலியில் உட்காரட்டும்" என்று கடன் வாங்கிப் பிள்ளையைக் கட்டட இஞ்சினீயர் படிப்பில் சேர்த்தவர்களும் இருக்கிறீர்கள். அப்படித் தறியை விட்டுத் தப்பிப்போன இடத்திலும் யந்திரம் முன்னால் போய் நின்றுகொண்டிருக்கிறதே, இனி என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

நாம் காலேஜ் படிப்புப் படித்தவர்களல்ல. கண்ணால் பார்த்தது, கேட்டுத் தெரிந்துகொண்டது, கிடைத்ததைப் படித்தது, படித்ததை "அப்படித்தானா?" என்று திருப்பிக் கேட்டது, இவ்வளவுதான் நம்முடைய கைமுதல். ஆதலால் பெரிய வார்த்தைகளை எதிர்பார்க்காதீர்கள். நடந்த சங்கதிகளைச் சொல்லுகிறோம். அதிலிருந்து நமக்குத் தோன்றுவதையும் சொல்லுகிறோம்.

காஞ்சிபுரத்தில் நடந்தது

காஞ்சிபுரம் நமக்கு அதிக தூரமில்லை. பட்டுக்கு நமக்குப் போட்டியான ஊரும்கூட. அந்தக் காஞ்சிபுரத்தில் 2020-ம் வருஷம் டிசம்பர் மாதம் லார்சன் அண்ட் டூப்ரோ என்கிற கம்பெனி ஒரு மாடியுள்ள சிறு கட்டடம் ஒன்றைக் கட்டிக் காட்டியது. பரப்பு 700 சதுர அடி. அதைக் கட்டியது கொத்தனாரல்ல. ஒரு யந்திரம். திறந்த வெளியில், அந்த இடத்திலேயே, யந்திரம் ஓடிய நேரம் 106 மணி. தளம் மட்டும் யந்திரம் போடவில்லை. மற்றதெல்லாம் அது வைத்ததுதான். அடுத்த வருஷம், 2021 ஏப்ரலில், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து வெளிவந்த வாலிபர்கள் நடத்துகிற 'த்வஸ்தா' என்ற கம்பெனி அந்தக் கல்லூரி வளாகத்திலேயே 600 சதுர அடியில் இதே மாதிரி ஒரு வீட்டைக் கட்டித் திறந்தது. 2023 ஆகஸ்டில் பெங்களூரில் 1,021 சதுர அடியில் ஒரு தபாலாபீஸே இப்படிக் கட்டித் திறக்கப்பட்டது. அதற்கு ஆன காலம் 43 நாள்.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், வீட்டின் படத்தை முதலில் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். அந்தப் படத்தைக் கிடைமட்டமாக, வெங்காயத்தை வட்டம் வட்டமாக அரிவதுபோல், அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்கள். ஒரு குழாய் முனை அந்தக் கணக்குப்படி நகர்ந்துகொண்டே கலவையைப் பிதுக்கிக்கொண்டு போகிறது. ஒரு சுற்று முடிந்தால் அதன்மேல் இன்னொரு சுற்று. கலவை குழாயில் ஓடுகிற அளவுக்கு இளக்கமாகவும் இருக்க வேண்டும். விழுந்தவுடனே மேலே வருகிற சுற்றைத் தாங்குகிற அளவுக்கு இறுகவும் வேண்டும். அந்தக் கலவையின் பக்குவத்தில்தான் முக்கால் பங்கு சாமர்த்தியமும் இருக்கிறது. சுவருக்குப் பலகை அடிக்க வேண்டியதில்லை. நூல் பிடிக்க வேண்டியதில்லை.

தோழர்களே, இதைச் சொல்லும்போது உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? ஊடு இழைமேல் ஊடு இழையாகப் போட்டுச் சேலையை வளர்ப்பதுபோல, கலவை இழைமேல் கலவை இழையாகப் போட்டுச் சுவரை வளர்க்கிறது. அது வீடு கட்டவில்லை, வீடு நெய்கிறது!

தறியின் தலைமேல் இருக்கும் பாட்டன்

இதைச் சும்மா அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அந்த யந்திரத்துக்குப் பாட்டன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால், உங்கள் வீட்டுத் தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் சொல்லுவோம். ஜக்கார்டு பெட்டியைத்தான் சொல்லுகிறோம்.

பிரான்ஸ் தேசத்தில் லியோன் என்று ஒரு பட்டு நெசவு ஊர். அவ்வூர்க்காரரான ஜக்கார்டு என்பவர் சுமார் 220 வருஷங்களுக்கு முன், 1804-ல், இந்தக் கருவியை உருவாக்கினார். அதற்குமுன் பூப்போட்ட பட்டு நெய்ய வேண்டுமானால் தறியோரத்தில் ஒரு பிள்ளை நின்று, எந்தெந்த நூலை எப்போது தூக்க வேண்டுமோ அதைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஜக்கார்டு என்ன செய்தார்? அந்தப் பிள்ளையின் வேலையை அட்டைக்குக் கொடுத்தார். அட்டையில் துளை இருந்தால் நூல் எழும்பும். துளை இல்லாவிட்டால் எழும்பாது. துளை உண்டு, துளை இல்லை என்ற இந்த இரண்டே இரண்டு பேச்சில் எப்படிப்பட்ட மயிலையும் அன்னத்தையும் நெய்துவிடலாமென்று காட்டினார்.

இங்கிலாந்தில் பாபேஜ் என்ற கணக்குப் புலவர் இதைப் பார்த்தார். பூவை நெய்கிற அட்டை, கணக்கை ஏன் நெய்யக்கூடாது என்று யோசித்து, 1830-களில் அட்டையால் நடக்கிற கணக்கு யந்திரத்துக்குத் திட்டம் போட்டார். 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளையட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். அந்த வழியில் வளர்ந்து வந்ததுதான் இன்றைய கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர்தான் இன்று காஞ்சிபுரத்தில் சுவர் எழுப்புகிறது.

ஆகவே ஆரணிக்காரனுக்கு இந்த யந்திரம் அந்நியனல்ல. ஜக்கார்டு அட்டை கோக்கத் தெரிந்தவன் அதன் சூட்சுமத்தில் முதல் பாடத்தை ஏற்கெனவே படித்தவன். "நமக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது?" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு உங்களுக்குக் காரணமே இல்லை என்பதற்காகவே இதை இவ்வளவு நீட்டிச் சொன்னோம்.

யார் யாருடைய வேலை?

சரி, வேலை போகிறதா, இல்லையா? போகிறது. இல்லையென்று சொல்லி உங்களைத் தாலாட்ட நாம் வரவில்லை.

சுவர் அச்சடிக்கும் யந்திரம் இன்னும் நம் ஊர்த் தெருவுக்கு வரவில்லை. அது நாளைய சங்கதி. ஆனால் நேற்றே வந்துவிட்டவை எத்தனை? தளம் போடுகிற நாள் என்றால் முன்பெல்லாம் ஒரு கல்யாணம்போல் ஆள் கூடும். ஜல்லி அளக்க ஆள், கலக்க ஆள், சட்டி கைமாற்ற வரிசையாகப் பெண்கள். பிறகு கலவை மிஷின் வந்தது; பாதி ஆள் குறைந்தது. அந்த மிஷினிலேயே மேலே ஏற்றுகிற லிப்டும் வந்தது. சட்டி தூக்குகிற வரிசை குறைந்தது. இப்போது பெரிய ஊர்களில் தொழிற்சாலையிலேயே கலந்து லாரியில் கொண்டுவந்து குழாய் வழியாக மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். மண்வெட்டி பிடித்துக் கடைக்கால் தோண்டிய இடத்தில் மண் அள்ளும் வண்டி நிற்கிறது. கம்பி வெட்டவும் வளைக்கவும் மிஷின்.

"இதெல்லாம் கூலிக்காரன் பாடு, படித்தவனுக்கு என்ன?" என்று இஞ்சினீயர் தோழர்கள் நினைத்துவிடக்கூடாது. ஒரு காலத்தில் டிராப்ட்ஸ்மேன் என்று ஒரு கூட்டமே இருந்தது. சாய்வு மேஜை, டி-ஸ்கொயர், மைப்பேனா, டிரேசிங் காகிதம் இவற்றை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் படம் போடுவார்கள். 1982-ல் அமெரிக்காவில் ஆட்டோகேட் என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. அது இங்கும் பரவியபின் பத்துப்பேர் போட்ட படத்தை இரண்டு பேர் போடலானார்கள். உத்தரத்துக்கு எவ்வளவு கம்பி என்று இராத்திரி முழுவதும் கணக்குப் போட்ட இஞ்சினீயரின் வேலையைக் கம்ப்யூட்டர் சில நிமிஷத்தில் முடிக்கிறது. சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர்களின் இடத்தில் ஆளில்லா விமானம் பறக்கிறது. 2020-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தில் கிராமத்து வீட்டுமனைகளை அப்படித்தான் அளந்தார்கள். ஆகவே மண்வெட்டிக்காரனும் மைப்பேனாக்காரனும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். ஒருவன் மேல்தட்டிலும் ஒருவன் கீழ்த்தட்டிலும் உட்கார்ந்திருப்பதால் ஓட்டை இரண்டாகிவிடாது.

கைத்தறியின் கதை உங்களுக்கே தெரியும். இந்தியா முழுவதிலும் கைத்தறியிலும் அதைச் சார்ந்த வேலையிலும் இருந்தவர்கள் 1995-96 கணக்குப்படி 65 லட்சத்துக்கு மேல். 2009-10 கணக்கில் 43 லட்சம். 2019-20 கணக்கில் 35 லட்சம். இருபத்தைந்து வருஷத்துக்குள் ஏறக்குறையப் பாதி காணோம்! இத்தனைக்கும் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1993-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. சட்டம் காகிதத்தில் இருந்தது. விசைத்தறிச் சேலை கைத்தறிப் பெயரில் கடைக்குப் போனது. வேலி போட்டால் மட்டும் போதும், யந்திரம் நின்றுவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இது ஒரு பாடம்.

யந்திரத்தின்மேல் பழியா?

அப்படியானால் யந்திரத்தை உடைத்துப் போடுவோமா? இதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1811, 1812-ம் வருஷங்களில் பின்னல் தொழிலாளரும் நெசவுத் தொழிலாளரும் இராத்திரியில் கூட்டமாய்ப் போய்ச் சம்மட்டியால் யந்திரங்களை உடைத்தார்கள். பாராளுமன்றம் என்ன செய்தது? யந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று 1812-ல் சட்டம் செய்தது. 1813 ஜனவரியில் யார்க் நகரத்தில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு இரும்புச் சட்டத்துக்கு இருந்த மதிப்பு மனிதனின் கழுத்துக்கு இல்லை. ஆனால் யந்திரமும் நிற்கவில்லை.

ஜக்கார்டின் ஊரான லியோனில் நடந்தது வேறு. அங்கே 1831-ல் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் கேட்டது தறியை உடைக்க வேண்டுமென்றல்ல. "நெசவுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் கூலி என்று நிர்ணயம் செய், நிர்ணயித்ததைக் கொடு" என்றுதான். பட்டாளத்தை அனுப்பி அவர்களை அடக்கினார்கள். 1834-லும் எழுந்தார்கள், அப்போதும் இரத்தம் சிந்தி அடக்கினார்கள். தோற்றவர்கள்தான். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. யந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல அது. யந்திரத்தால் வருகிற லாபத்தில் எங்களுக்கு என்ன பங்கு என்பது.

தாய்மார்களைக் கேட்கிறோம். பத்துமாதக் கர்ப்பத்தோடும் கைக்குழந்தையை மணல்மேட்டில் போட்டுவிட்டும், தலையில் கலவைச் சட்டியைச் சுமந்து மூன்று மாடி ஏறி இறங்குவது காப்பாற்றி வைக்க வேண்டிய பெருமையா? குழித்தறியில் உட்கார்ந்து முதுகு வளைந்து, நாற்பது வயதில் கண் மங்குவது பாரம்பரியச் சிறப்பா? அதைச் சிறப்பென்று பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை எந்தத் தறியில் உட்கார வைத்தார்கள்? 1953-ல் சென்னை ராஜ்யத்தில் பாதிநேரம் பள்ளி, பாதிநேரம் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் வந்தபோது, இது குலக்கல்வி என்று ஜனங்கள் எதிர்த்து நின்று 1954-ல் அதை ஒழித்தார்கள். தொழில் என்பது பிறவியோடு ஒட்டிய மச்சமல்ல, அறிவுக்கேற்ப மாற்றிக்கொள்ளத் தக்கது என்பதுதான் அந்தப் போராட்டத்தின் பொருள். அப்படியிருக்க, யந்திரம் வருகிறதென்றவுடன் "ஐயோ குலத்தொழில் போகிறதே" என்று நாமே அழுவது எப்படி நியாயமாகும்?

அன்றியும் 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். மனிதன் நிற்கக்கூடாத இடத்தில் யந்திரம் நிற்பதை எந்தப் புத்தியுள்ளவன் வேண்டாமென்பான்?

ஆனால் யந்திரம் எங்கே சீக்கிரம் வருகிறது, எங்கே மெதுவாக வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். மனித மலத்தை மனிதன் கையால் அள்ளக்கூடாதென்று 1993-லும், தக்க பாதுகாப்பில்லாமல் மலக்குழியில் மனிதனை இறக்கக்கூடாதென்று 2013-லும் சட்டங்கள் செய்தார்கள். அந்த வேலையைச் செய்ய 'பாண்டிகூட்' என்ற யந்திரத்தைக் கேரளத்து இளம் இஞ்சினீயர்கள் 2018-லேயே செய்து கொடுத்தார்கள். அப்படியிருந்தும் அதற்குப் பிறகும் குழியில் இறங்கி மூச்சடைத்துச் செத்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஏன்? கூலியை மிச்சப்படுத்துகிற யந்திரம் குதிரையில் வருகிறது. உயிரை மிச்சப்படுத்துகிற யந்திரம் ஆமையில் வருகிறது. குழியில் இறங்குகிறவன் இன்ன ஜாதியில் பிறந்தவன், அவன் உயிர் மலிவு என்று இந்தச் சமூகம் விலை போட்டு வைத்திருக்கிறது. இது யந்திரத்தின் குற்றமா, மனிதனின் குற்றமா?

இரண்டு சீட்டுகள்

இந்த இடத்தில் இரண்டு கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன.

ஒரு தோழர், "யந்திரம் எவ்வளவு வந்தாலும் தலைவிதிப்படிதானே நடக்கும்? ஆயுதபூஜையில் குறை வைக்காமல் கும்பிட்டால் தொழில் நம்மைக் கைவிடாது என்று பெரியவர்கள் சொல்லுகிறார்களே?" என்று எழுதியிருக்கிறார். தோழரே! வருஷம் தவறாமல் தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள்தான் அந்த 65 லட்சம் பேரில் பலரும். தறி கைவிட்டதா, இல்லையா? வாஸ்து பார்த்து, மனை முகூர்த்தம் பார்த்து, திருஷ்டிப் பூசணிக்காய் கட்டின கட்டடமும் கம்பி குறைந்தால் விழுகிறது. ஒன்றுமே பார்க்காத கட்டடமும் கணக்குச் சரியாயிருந்தால் நிற்கிறது. சுவர் அச்சடிக்கும் யந்திரத்துக்கு ராகுகாலம் தெரியாது. கலவை எத்தனை நிமிஷத்தில் இறுகும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வீடு கட்டுகிறவரில் பலர் வாஸ்துக்காரனுக்குப் பேசாமல் பணம் கொடுத்துவிட்டு, மண்ணைச் சோதிக்கச் சொன்ன இஞ்சினீயரிடம் பேரம் பேசுகிறார்கள். இஞ்சினீயர் உத்தியோகத்துக்கு யந்திரத்தால் வருகிற ஆபத்தைப்போலவே இந்த மூடநம்பிக்கையாலும் ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது சீட்டு ஒரு மாணவர் எழுதியது. "அப்பா தறி நெய்கிறார். நான் சிவில் படிக்கிறேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார்கள். நான் ஏமாந்தேனா?" என்று கேட்டிருக்கிறார். இந்தச் சீட்டில் ஒரு குடும்பத்தின் கடன் பத்திரமே அடங்கியிருக்கிறது. ஆகையால் விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டோம்.

தம்பி! வீடில்லாத ஜனங்கள் இருக்கிறவரைக்கும், பாலமில்லாத ஆறும் சாக்கடையில்லாத தெருவும் இருக்கிறவரைக்கும் கட்டட இஞ்சினீயருக்கு வேலை இல்லையென்று எவனாலும் சொல்ல முடியாது. ஆனால் புத்தகத்திலுள்ள சூத்திரத்தை ஒப்பிக்கிற இஞ்சினீயருக்கு வேலை குறையும். ஏனெனில் ஒப்பிப்பதில் கம்ப்யூட்டரை ஜெயிக்க முடியாது. கம்ப்யூட்டர் போட்ட கணக்கைப் பார்த்து, "இந்த மண்ணுக்கு இது தாங்காது" என்று சொல்லத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கும். ஏரிக்கரை மண்ணுக்கும் பாறை மண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தவன், கலவையைக் கையிலெடுத்துப் பக்குவம் சொல்லத் தெரிந்தவன், தொழிலாளியோடு பேசத் தெரிந்தவன், அதோடு யந்திரத்தின் பாஷையும் தெரிந்தவன் அவன். கொத்தனாரிடம் போய்க் கற்றுக்கொள், வெட்கப்படாதே. உன் அப்பாவின் ஜக்கார்டு அட்டையை ஒருநாள் உட்கார்ந்து உற்றுப்பார். கல்லூரியில் முதல் வருஷம் விளங்காதது அதில் விளங்கும்.

மிச்சமான நேரம் யாருக்கு?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். ஒரு சாதாரணக் கணக்குப் போடுவோம். பத்துப்பேர் ஆளுக்கு எட்டு மணி நேரம் செய்த வேலை 80 மணி. யந்திரம் வந்தபின் அதே வேலையை இரண்டு பேர் எட்டு மணியில் முடித்தால் 16 மணி. மிச்சம் 64 மணி. இந்த 64 மணி நேரம் எங்கே போயிற்று? யார் பெட்டியில் போய் விழுந்தது? எட்டுப்பேரை "நாளை வரவேண்டாம்" என்று அனுப்பிவிட்டு, அவர்கள் கூலி முழுவதும் யந்திரத்துக்கு உடையவன் பெட்டியில் விழுந்தால் அது யந்திரத்தின் குணமல்ல. பங்கு போட்டவனின் குணம். அதே யந்திரத்தை வைத்துக்கொண்டு, பத்துப்பேருக்கும் வேலை நேரத்தைக் குறைத்துக் கூலியைக் குறைக்காமலிருந்தால் அதே யந்திரம் நமக்குத் தோழன்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படாதீர்கள். பதினான்கு மணி, பதினாறு மணி என்று வேலை வாங்கிய உலகம் எட்டு மணிக்கு இறங்கியது தானாக நடந்ததல்ல. 1886-ல் சிகாகோவில் தொழிலாளிகள் எட்டு மணி கேட்டுச் செத்தார்கள். 1919-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் செய்த முதல் ஒப்பந்தமே எட்டு மணியைப் பற்றியது. 1923-ல் சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலு மே தினம் கொண்டாடினார். ஆனால் 2023 ஏப்ரலில், நம் சட்டசபையிலேயே, சில தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி வேலை வாங்க இடங்கொடுக்கும் மசோதா நிறைவேறியது. தொழிலாளிகள் கூச்சலிட்டபின் மே முதல் தேதி வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். யந்திரம் பெருகப் பெருக வேலை நேரம் குறைய வேண்டியிருக்க, கூட வேண்டும் என்ற யோசனை ஒருவருக்கு எப்படி வந்தது? நாம் தூங்கினால் வரும். கூச்சலிட்டால் போகும். இரண்டுக்கும் அதே சம்பவம் சாட்சி.

என்ன செய்ய வேண்டும்?

நமக்குத் தோன்றுகிறபடி செய்ய வேண்டிய காரியங்கள் மூன்று.

முதலாவது, தொழில் அறிவுக்குப் போட்டிருக்கிற வேலியைப் பிடுங்கி எறிய வேண்டும். சித்தாளாகச் சேர்ந்த பெண் முப்பது வருஷம் சட்டி சுமந்து சித்தாளாகவே சாகிறாள். அதே நாளில் சேர்ந்த பையன் பெரியாளாகி, கொத்தனாராகி, மேஸ்திரியாகிவிடுகிறான். அவள் கையில் கரண்டி கொடுத்தால் சுவர் விழுந்துவிடுமா? தறியிலும் இதுதான். தார் சுற்றுவதும் நூல் இழைப்பதும் பெண். நெசவாளி என்று பெயரும் கூலியும் ஆணுக்கு. யந்திரம் வந்தால் முதலில் போவது சட்டி சுமக்கிற வேலை. அதாவது பெண்ணின் வேலை. வேறு வேலை கற்க விடாமல் கதவைச் சாத்திவிட்டு, இருந்த ஒரு வேலையையும் பிடுங்கினால் அவள் எங்கே போவாள்? ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் கொத்துவேலை கற்று 'ராணி மிஸ்திரி' என்று பெயர் வாங்கினார்கள். யந்திரத்தை ஓட்டப் பலம் வேண்டியதில்லை, பழக்கந்தான் வேண்டும். ஆகவே பெண்ணுக்கு இன்று கரண்டி, நாளை யந்திரத்தின் விசை. இரண்டையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பணம். பணமில்லையென்ற பேச்சுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது; 1994-ல் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 1996-ல் மத்திய சட்டம் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையாமல் தொழிலாளர் நலத்துக்கு வரி விதித்தது. இந்த வரி ஆள் கணக்கில் அல்ல, செலவுக் கணக்கில் விதிக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். யந்திரமே கட்டினாலும் வரி வந்தாக வேண்டும். அப்படி நாடு முழுவதும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல் என்றும், தொழிலாளருக்குச் செலவானது சுமார் 9,500 கோடிதான் என்றும் 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துச் சொல்லிற்று. செலவான கணக்கில் லேப்டாப்பும் துணி துவைக்கும் யந்திரமும் வாங்கினது வேறு! தொழிலாளி பெயரால் வாங்கிய பணத்தில், தொழிலாளிக்குப் புதுத் தொழில் கற்பிக்கவும், கற்கிற மாதங்களில் அவன் வீட்டு அடுப்பு எரியவும் கொடு என்று கேட்பது பிச்சையல்ல, பாக்கி வசூல்.

மூன்றாவது, யந்திரத்துக்கு நாமே உடையவர்களாக வேண்டும். தனித்தனியாக முடியாது, கூடினால் முடியும். கூட்டுறவு என்பது ஆரணி நெசவாளிக்குப் புது வார்த்தையா? கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் தோன்றிய ஸ்தாபனம். சேலை விற்கக் கூட்டுறவு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, கலவை மிஷினும் கம்பி வளைக்கும் மிஷினும் வாங்கக் கூட்டுறவு வைக்கத் தெரியாதா? பத்துக் கொத்தனாரும் பத்துச் சித்தாளும் வேலையில்லாத இரண்டு இஞ்சினீயர்ப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு சங்கமாகி, சொந்த யந்திரத்தை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் எடுத்தால் மிச்சமாகிற மணி அவர்கள் மணி. ஆனால் அந்தச் சங்கத்தில் அந்த ஜாதிக்காரன் தலைவர், இந்த ஜாதிக்காரன் தண்ணீர்ப்பானையைத் தொடக்கூடாது, வடநாட்டுக்காரன் வரக்கூடாது என்று ஆரம்பித்தால் அது சங்கமல்ல. பழைய சாக்கடைக்குப் புது மூடி. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற கூலித்தோழன் நம் வேலையைப் பிடுங்க வந்த பகைவனல்ல. அவன் ஊரில் அவன் வேலையை யாரோ பிடுங்கிக்கொண்டதால் இங்கு வந்தவன்.

தோழர்களே! யந்திரம் பேயுமல்ல, தெய்வமுமல்ல. பேயென்று ஓடினாலும் கெட்டோம். தெய்வமென்று விழுந்து கும்பிட்டாலும் கெட்டோம். அது மனித மூளை செய்த ஒரு கருவி. அதை உண்டாக்கியதில் லியோன் பட்டு நெசவாளியின் தறிக்கும் பங்குண்டு. ஆகையால் அதன் பலனிலும் நெசவாளிக்கும், கொத்தனுக்கும், சித்தாளுக்கும், இஞ்சினீயருக்கும் பங்குண்டு. அந்தப் பங்கைக் கேட்கிற துணிவும், கேட்பதற்கு வேண்டிய அறிவும், கூடி நிற்கிற ஒழுங்கும் நமக்கு இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய், தறியில் உட்கார்ந்திருக்கும்போதும் சாரத்தில் நிற்கும்போதும் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். தவறென்று பட்டதைத் தள்ளிவிடுங்கள். ஆனால் யோசிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.